நீல முடிச்சுப் போட்ட கால்மிதிகள்

முகம்மா
26.10.1986, ஞாயிறு காலை

அன்பு மகள் லதிகாவுக்கு,

நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, கஞ்சி ருசிக்கிற அளவுக்கு நலமாக இருக்கிறோம். நீயும் சசிதரனும் குழந்தை மினியும் ஷில்லாங் குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் நீளும் போலிருக்கிறது. அதனால் எதற்குப் பின் எதை எழுதுவது என்று முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன். எண் இல்லாவிட்டால் நான் நடுவில் தயங்கி நின்றுவிடுவேன் என்பது உனக்குத் தெரியும்.

1. அம்மாவின் இடுப்பு.
2. நான் அனுப்பிய கால்மிதி பற்றி நீ எழுதிய புகார்.
3. வசுமதியின் தறிக்கு வந்திருக்கும் ஆபத்து.
4. குற்றம் உன் திவாகரன் மாமாவுடையது, எனக்கு அதில் பங்கில்லை என்பதற்கான காரணங்கள்.
5. இன்று மூன்று மணிக் கூட்டத்தில் நான் வாயைத் திறக்கலாமா என்பது.
6. உனக்குச் சில வார்த்தைகள்.

அம்மாவின் இடுப்பு முக்கால்வாசி சரியாகிவிட்டது. வைத்தியர் கொடுத்த எண்ணெய் தீர்ந்தது, இன்னொரு குப்பி வாங்கியிருக்கிறேன். நின்றுகொண்டே தேங்காய் அரைக்கிறாள் என்று உனக்கு எழுதச் சொன்னாள். ஆனால் படித்துறைக்குப் போக இன்னும் பயப்படுகிறாள். இந்த வருடம் குட்டநாட்டில் அறுப்பு தாமதமாகிவிட்டதால் காயலுக்குக் குறுக்கே இருக்கும் தடுப்பணைக் கதவுகளை வெகுநாள் திறக்கவே இல்லை. உப்புத்தண்ணீர் ஏறாமல் ஆகாயத்தாமரை சாகாது. அது எங்கள் படி வரைக்கும் வந்து அழுகிக் கிடந்து, அதில் கால் வைத்துத்தான் விழுந்தாள். யார் நலம் விசாரிக்க வந்தாலும் "வயலுக்கு உப்பு வரக்கூடாதுன்னு கதவை மூடினாங்க, என் இடுப்பு உடைஞ்சுது" என்றுதான் தொடங்குகிறாள்.

இனி உன் புகார். ஓணத்துக்கு நான் அனுப்பிய கால்மிதியிலிருந்து பழுப்புத் தூள் கொட்டிக்கொண்டே இருக்கிறது, மழையில் நனைந்தால் மூன்று நாள் காயவில்லை, குளத்து அடிச்சேறு போல நாறுகிறது என்று எழுதியிருந்தாய். மாமனார் அனுப்பியது கால்மிதியா நனைந்த நாயா என்று சசிதரன் கேட்டதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் அம்மாவிடம், உன் மகளுக்கு ஒரு சாமானைக் காயப்போடத் தெரியவில்லை என்று சொன்னேன். அப்படிச் சொன்னது தப்பு, மன்னித்துக்கொள். கயிற்றுச் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் கால்மிதிகளைப் புரட்டிப் பார்த்து, நல்லது இது, தள்ளியது இது என்று பிரித்தவன் நான். அந்தக் கண்ணால் பொறுக்கி எடுத்து அனுப்பியது நாறும் என்று எப்படி நம்புவேன். யார் நெய்தது என்று தெரிவதற்காக ஓரப் பின்னலில் ஆளுக்கொரு நிறத்தில் நூல் முடிச்சுப் போடுவார்கள் அல்லவா, உனக்கு அனுப்பியதில் மஞ்சள் முடிச்சு என்று என் நோட்டுப்புத்தகத்தில் இருக்கிறது. மஞ்சள் என்றால் ருக்மிணி. இதை நினைவில் வைத்துக்கொள், கீழே தேவைப்படும்.

வசுமதியின் முடிச்சு நீலம். பம்பாய்க்குப் போன கால்மிதிகளில் அறுபது, இந்த மாதம் தொடக்கத்தில் திரும்பி வந்துவிட்டன. தூள் கொட்டுகிறது, குஞ்சம் உதிர்கிறது, வாடை அடிக்கிறது என்று சீட்டு. அறுபதில் நாற்பத்தொன்று நீலம். மற்றவர்கள் ஒன்று முடிப்பதற்குள் அவள் இரண்டு முடித்துவிடுவாள், பம்பாய்க்குப் போனதிலேயே பாதிக்கு மேல் அவளுடையதுதான். அதை யாரும் யோசிக்கவில்லை. அவசரத்தில் நெய்து சங்கத்தின் பெயரைக் கெடுத்தாள் என்று, அவள் இருபத்திரண்டு வருடமாக உட்காரும் தறியை இன்றைய கூட்டத்தில் பறித்து வேறொருத்திக்குக் கொடுக்கப் போகிறார்கள். அவள் புருஷன் கோபிநாதன் படகில் கை நசுங்கினதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான். அந்தத் தறியை விட்டால் அந்த வீட்டில் வேறு வழியில்லை. போன செவ்வாய்க்கிழமை, திரும்பி வந்ததில் ஒரு கால்மிதியைத் தலையில் வைத்துக்கொண்டு நேராக நம் முற்றத்துக்கு வந்து என் காலடியில் போட்டாள். "சாரே, பதினஞ்சு வருஷம் முன்னாடி அரை அங்குலம் கோணல்னு என்னோடதைத் திருப்பி அனுப்பினீங்க, அன்னிக்கு நான் சாபம் விட்டேன், ஆனா கோணல் இருந்துச்சு. இப்ப இதுல கோணல் எங்கேன்னு காட்டுங்க, நானே தறியை விட்டு எழுந்து போறேன்" என்றாள். அம்மா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "மோர் நல்லா இருக்கு அக்கா, சாரு மாதிரி நீர்த்துப் போகல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மூன்று நாள் அந்தக் கால்மிதியை இழை இழையாக அவிழ்த்தேன். நெய்வதைப் பார்ப்பதைவிட அவிழ்ப்பதில் நெய்தவளின் கை நன்றாகத் தெரிகிறது. பாவுக் கயிறு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு குஞ்சமும் பாவை முழுதாகச் சுற்றி மடிந்திருந்தது, பலர் அரை மடிப்போடு விட்டுவிடுவார்கள். ஊடைக் கயிற்றைப் பலகையால் ஒரு முறைக்கு இரண்டு முறை அடித்திருக்கிறாள், அதனால் குஞ்சத்தைப் பிடுங்க எனக்குக் குறடு வேண்டியிருந்தது. மேல்பக்கம் கத்தரித்தது புல்வெட்டியது போல ஒரே மட்டம். வாசலில் போட்டு ஊரே மிதித்தாலும் பத்து வருடம் தேய வேண்டிய வேலை. ஆனால் நாரை விரலில் சுற்றினேன். நன்றாக ஊறின தேங்காய் மட்டையின் நார் தலைமயிர் போல வளையும். இது துடைப்பக்குச்சி போல விறைத்து நின்று ஒடிந்தது, ஒடிந்த இடத்தில் மட்டைத்தூள் ஒட்டியிருந்தது. அந்தத் தூள்தான் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு நாறுகிறது, நார் ஒடிவதால்தான் குஞ்சமும் உதிர்கிறது.

நான்காவதுக்கு வருகிறேன். நெசவில் குற்றமில்லை. ருக்மிணி நெய்த உன் கால்மிதியிலும் அதே குறை, ஆகவே இது ஒருத்தியின் கை அல்ல. மிச்சம் இருப்பது நார். நாருக்குப் பொறுப்பு செயலாளர், அதாவது உன் மாமா. எங்கிருந்தோ ஊறாத பச்சை நாரை வாங்கிக் கலந்துவிட்டான் என்பது என் கணிப்பு. நேற்று மெதுவாகக் கேட்டேன். "அத்தான், வெளியில ஒரு பிடி நார் வாங்கல. எல்லாம் நம்ம குட்டையில ஊறின மட்டை. சந்தேகம்னா பதிவேட்டைப் பாருங்க, உங்க கையெழுத்துதான் இருக்கு" என்றான். இருக்கிறது, மறுக்கவில்லை. மட்டையைத் தண்ணீரிலிருந்து எடுக்கலாம் என்று சொல்ல ஓய்வுபெற்ற பிறகும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். மட்டையை வலையில் கட்டிக் குட்டையில் இறக்கி, மேலே சேறு ஏற்றி மூழ்கடித்தது போன வருடம் சிங்க மாதம் முதல் தேதி, அதாவது ஆகஸ்ட் நடுவில்; எடுத்தது இந்த வருடம் மிதுனம் முதல் தேதி, ஜூன் நடுவில். சிங்கம், கன்னி, துலாம், விருச்சிகம், தனு, மகரம், கும்பம், மீனம், மேடம், இடவம். விரல் விட்டு எண்ணினாலும் பத்து. பத்து மாதம் ஊறினது போதும் என்பது என் காலம் முழுக்க நடந்த கணக்கு. எனவே குட்டையில் குறையில்லை, உன் மாமா மறைக்கிறான். உன் கல்யாணத்தின்போது நான் ஆஸ்பத்திரியில் கிடக்க, எனக்குப் பதிலாக நின்று எல்லாவற்றையும் நடத்தியவன் அவன். அவனைச் சபையில் எப்படிக் குற்றம் சொல்வது என்பதுதான் ஐந்தாவது.

இவ்வளவு எழுதியபோது அம்மா வந்து, "என் இடுப்பைப் பத்தி என்ன எழுதினீங்க, வாசிங்க" என்றாள். வாசித்தேன். "எந்த மாசம்னு எழுதலையே. இடவம் கடைசின்னு போடுங்க. கதவு திறக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் விழுந்தேன். தனு மாசம் மூடினது, ஆறு மாசம் தண்ணி அசையவே இல்ல" என்றாள். நான் பேனாவை வைத்துவிட்டேன் மகளே. மேலே எழுதிய பத்து மாதங்களின் பெயரையும் மறுபடி பார்த்தேன். மீதியைக் கூட்டத்துக்குப் போய்வந்து எழுதுகிறேன்.

மாலை ஆறு மணி. போய்வந்துவிட்டேன்.

பழைய குட்டை கதவுக்கு வடக்கே இருந்தது. அங்கே வருடம் முழுக்கத் தண்ணீர் ஏறும் இறங்கும், வேனிலில் உப்பு வரும். அசைகிற உப்புத்தண்ணீரில்தான் மட்டை நன்றாக ஊறும், பத்து மாதக் கணக்கு அந்தத் தண்ணீருக்கானது. படகுக்குத் தூரம் குறையும் என்று போன வருடம் குட்டையைக் கதவுக்குத் தெற்கே மாற்றச் சொன்னது நான். தனுவிலிருந்து இடவம் வரை ஆறு மாதம் இந்தப் பக்கம் தண்ணீர் அசையவில்லை, உப்பும் ஏறவில்லை. பத்தில் ஆறு போனால் நாலு, அந்த நாலும் மழைத்தண்ணீர். ஒரு வீட்டுக்காரிக்குப் படித்துறையில் தெரிந்தது, பதிவேடு வைத்திருந்த எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. மிதுனத்தில் மட்டையை அழுத்திப் பார்த்தபோது நார் நொறுநொறுவென்றது. எனக்குச் சந்தேகம் வந்தது. மழை, படகுக்காரர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள், "அத்தான், பத்து மாசம் ஆச்சு, இன்னும் என்ன முகர்ந்து பாக்கறீங்க" என்றான் திவாகரன். எல்லோரும் காத்திருக்கிறார்களே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நெசவுக் கொட்டகையில் நடந்த கூட்டத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். உன் மாமா தீர்மானத்தை வாசித்து முடித்தான். வசுமதி தறிக்குப் பக்கத்தில், அதன் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பத்தொரு வருடத்தில் நான் அந்தக் கொட்டகையில் எழுந்து பேசியதில்லை. எழுந்தேன், எழுதி வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு மாதங்களின் பெயரை வாயால் சொன்னேன். கதவு மூடின தனு வந்ததும் படகுக்காரர்கள் தலையைத் தூக்கினார்கள். "அத்தான், உக்காருங்க, வீட்டுல பேசிக்கலாம்" என்றான் மாமா. உட்காரவில்லை. அவிழ்த்த நாரையும் உன் கடிதத்தையும் மேசைமேல் வைத்தேன். நனைந்த நாய் என்ற இடத்தை யாரோ உரக்க வாசிக்க, ருக்மிணியே சிரித்துவிட்டாள். கையெழுத்து என்னுடையது, தறி அவளுடையது, இரண்டையும் குழப்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பிறகு வசுமதி, "அரை அங்குலக் கோணல் தெரிஞ்ச சாருக்கு ஒரு காயலே கண்ணுல படலையே" என்றாள். கொட்டகை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, கட்டையிலிருந்து கையை எடுக்கவும் இல்லை.

தீர்மானத்தைக் கிழித்துவிட்டார்கள். தறி அவளிடமே இருக்கிறது. குட்டையை மறுபடி வடக்கே மாற்றப் போகிறார்கள். இனி மட்டை பார்க்க என்னைக் கூப்பிட வேண்டாம் என்றும் தீர்மானமாயிற்று, அதற்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். உன் மாமா என்னோடு பேசாமல் போய்விட்டான். நாளைக் காலை நான்தான் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அம்மா கூட வருகிறேன் என்கிறாள், இடுப்போடு.

உனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். அந்தக் கால்மிதியை இன்றே எடுத்துவிடு, ஈரத்தில் மினிக்குக் கால் வழுக்கும். தூக்கிப் போடுமுன் ஓரத்து மஞ்சள் முடிச்சை மட்டும் வெட்டி உறையில் வைத்து அனுப்பு, மறந்துவிடாதே. ருக்மிணியின் பெயரிலும் குறை நிற்கக்கூடாது. கூட்டம் கலைந்தபோது வசுமதி, "லதிகாவுக்கு வடக்குக் குட்டை பழைய நார்ல நான் ஒண்ணு நெய்யறேன், சாரு அதைத் தொட்டுப் பார்க்கக்கூடாது" என்றாள். அது உனக்கு வரும், நான் பார்க்காமல் கட்டி அனுப்புகிறேன். சசிதரனுக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், மினிக்கு இரண்டு பக்கக் கன்னத்திலும் முத்தம். நல்ல உடம்போடும் நிம்மதியோடும் இருங்கள்.

மேலே எண் போட்டதில் எதையும் அடிக்கவில்லை, பதிவேட்டில் யாரையும் அடித்து எழுத விட்டவன் அல்ல நான். நான்காவதாக எழுதியது தவறு.

உன் அப்பா,
பாகுலேயன்