ஒப்படைத்தல் என்ற வேர்

ஜூன் 3

அகராதியாருக்கு,

அக்கா வீட்டில் நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

இன்று தபால்காரர் இரண்டு உறைகள் தந்தார். ஒன்றில், நான் சரிபார்க்க வேண்டிய அரபி அகராதிச் சீட்டுகள். வாவ், காஃப், லாம் என்ற மூன்றெழுத்து வேர், பொருள் ஒப்படைத்தல். அதில் பிறந்த 'வகீல்' நம் வக்கீல், 'வகாலா' நம் வக்காலத்து, 'தவக்குல்' பாரத்தைக் கடவுள்மேல் போட்டுவிடுவது. ஓரத்தில் "மழையில் நனையாதே" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றில் விவாகரத்து நோட்டீஸ், 20ஆம் தேதி கோர்ட்டுக்கு வரச் சொல்லி. அனுப்பியவர் உங்கள் வக்கீல்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. கோபித்துக்கொண்டு வந்தது நிஜம்தான். அதற்காக இப்படியா? நனையாதே என்பவரே அறுத்துவிடவும் பார்ப்பாரா? எந்த உறைக்கு நான் பதில் எழுத?

உங்கள்
திருத்தக்காரி

ஜூன் 9

அன்புள்ள திருத்தக்காரிக்கு,

நோட்டீஸா! சத்தியமாக எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அண்ணன் ஒரு காகிதத்தோடு வந்து, "அவளை வரவழைக்கத்தான்டா, போடு கையெழுத்தை" என்றார். வக்காலத்தாம். நான் அப்போது 'வகல்' என்ற சொல்லில் மூழ்கிக் கிடந்தேன். தன் காரியத்தைப் பிறர் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருப்பவன் என்று பொருள். 'கையாலாகாதவன்' என்று போடலாமா? நீயே முடிவு செய்.

வாபஸ் வாங்கலாமா என்று அண்ணனைக் கேட்டேன். "முதல்ல அவ என்ன சொல்றான்னு பாப்போம்" என்கிறார். வக்கீலோ அண்ணனைக் கேட்கச் சொல்கிறார். நீ என்ன நினைக்கிறாய்?

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை.

உன்
அகராதியார்

ஜூன் 14

அகராதியாருக்கு,

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிற மனுஷன், பெண்டாட்டியை அனுப்பும் காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாராம்! நம்மைக் கேட்காமல் அண்ணன் மாடியை வாடகைக்கு விட்டபோதும் "அண்ணன் பாத்துப்பார்" என்றீர்கள். அதனால்தானே நான் பெட்டியைத் தூக்கினேன்.

'கையாலாகாதவன்' ரொம்பச் சரி. அந்தச் சீட்டில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டாயிற்று.

நான் என்ன நினைக்கிறேன் என்று என்னையே கேட்கிறீர்களே, நான் உங்களுக்கு வேண்டுமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்கு வருவேன். நீங்களே வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். "வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கிருந்தே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

உங்கள்
திருத்தக்காரி

ஜூன் 21

அகராதியாருக்கு,

நேற்று கோர்ட்டுக்கு உங்கள் வக்கீல்தான் வந்தார். என்னோடு வாழத்தான் நீங்கள் ஆசைப்படுகிறீர்கள் என்று நீதிபதியிடம் உருக்கமாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்தில் அண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆசை உங்களுடையதா, அண்ணனுடையதா, வக்கீல் சொந்தமாகச் சேர்த்ததா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நீதிபதி என்னைப் பார்த்ததும், பிரிய எனக்குச் சம்மதம் என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். சொன்னது சரியா தப்பா, அதுவும் இன்னும் விளங்கவில்லை.

மிச்ச வேர்களை நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் வரவில்லை? காய்ச்சலா? பயமா? இல்லை, நான் வேண்டாமா? வெளியே வந்ததும் உங்கள் வக்கீலிடம் கேட்டேன். அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

திருத்தக்காரி