ஈரத் துண்டுப் பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

கிளினிக்கில் இன்று மூன்று பேருக்கு வேர் சிகிச்சை, ஒருவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கல். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுவதுதான் என் வேலை. அதுவே பாட்டாக வந்துவிடுகிறதாம். டாக்டர் எட்டிப் பார்த்து, "பயந்து நடுங்கி வர்றாங்கம்மா, அவங்களப் போய் ராகம் போட்டுக் கூப்பிடறீங்களே" என்றார். சரி டாக்டர் என்று தலையை ஆட்டினேன். தலை தாளத்தில் ஆடியது.

மதியம் இசையமைப்பாளர் சார் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை புது மெட்டுக்கு டிராக் பாட வரவேண்டும். "குத்துப் பாட்டும்மா. கேட்டா உக்கார முடியாது." எல்லா மெட்டுக்கும் இதைத்தான் சொல்வார். நானும் எல்லாவற்றையும் உட்கார்ந்தேதான் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

உட்கார முடியவில்லை!

முதலில் இருந்து எழுதுகிறேன். காலையில் இவருடன் சண்டை. குளித்துவிட்டு வந்து ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவது. பத்து வருஷமாக இதே துண்டு, இதே கட்டில், இதே நான். ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ரிப்பேர் பண்ணத் தெரிகிறது, துண்டைக் கொடியில் போடத் தெரியவில்லை. அத்தை சோபாவில் இருந்தபடியே, "என் பிள்ளையத் திட்டறதா இருந்தா கொஞ்சம் சத்தமாத் திட்டு, இங்க கேக்கல" என்றார்.

அந்தக் கோபத்தோடே ஸ்டுடியோ. ஹெட்ஃபோனை மாட்டினேன். நாலே நாலு அடி. குதிகால் தானாகத் தரையை விட்டுவிட்டது. என்ன மெட்டு அது! இடுப்புக்குள் யாரோ புகுந்து உட்கார்ந்துகொண்டு கூப்பிடுகிற மாதிரி.

வார்த்தைகள் இன்னும் வரவில்லை, கவிஞர் எழுதிக்கொண்டிருக்கிறார். வழக்கம்போல தன்னன்னா போட்டேன். சார் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினார். "தன்னன்னால உயிரே இல்லம்மா. வாய்க்கு வந்த வார்த்தை ஏதாவது போடு." வாய்க்கு என்ன வரும்? காலையிலிருந்து என்ன இருந்ததோ அது வந்தது.

ஈரத் துண்ட எடுத்துப் போடு — கட்டில் என்ன கொடிக்கம்பியா?
சொல்லிச் சொல்லித் தொண்ட காஞ்சாச்சு — காது என்ன வாடகைக்கா?

அப்படியே சரணமும். சொட்டுகிற குழாய், மூடாத பற்பசை, கதவுக்குப் பின்னால் போன செருப்பு — ஒன்றையும் விடவில்லை. நடுவில் நிமிர்ந்து பார்த்தால் சவுண்ட் இன்ஜினியர் ஆடுகிறார்! அவருக்குப் பெயரே சிலை. பக்கத்தில் பட்டாசு வெடித்தாலும் திரும்ப மாட்டார். அவருடைய இரண்டு தோளும் தனித்தனியாக ஆடுகின்றன. எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது.

"அழிக்கவா?" என்று கேட்டார் சிலை அண்ணன். "எப்படியும் எல்லாத்தையும் அழிக்கப் போறதுதானே, இருக்கட்டும்" என்றேன்.

மார்ச் 10, திங்கள்

நேற்று வேடிக்கையாகச் சொன்னது இன்று உறுத்துகிறது. டிராக் என்றால் அவ்வளவுதான். மெட்டுக்கு நான் முதலில் பாடிக் காட்டுவேன். அதைக் கேட்டுப் பெரிய பாடகி வந்து பாடுவார். அவர் குரலை வைத்துக்கொண்டு என்னுடையதை அழித்துவிடுவார்கள். பதினோரு வருஷம், அறுபத்து மூன்று பாட்டு. ஒன்றுகூட என் குரலில் வெளிவரவில்லை. அத்தை எல்லோரிடமும் "என் மருமக சினிமாவுல பாடறா" என்று சொல்லி வைத்திருக்கிறார். எதிர்வீட்டு டீச்சர், "அப்படியா, எந்தப் பாட்டு?" என்று கேட்கும்போதெல்லாம் அத்தைக்கு உடனே இருமல் வந்துவிடும்.

இந்த ஒரு பாட்டு என் குரலில் வரட்டும்.

எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கப் போவதில்லை.

மார்ச் 16, ஞாயிறு

கவிஞரின் வரிகள் வந்துவிட்டன. 'நிலவின் நிழலில் நீந்தும் மயிலே.' மயில் எதற்கு நீந்துகிறது என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அதையும் டிராக்காகப் பாடிக் கொடுத்தேன். இந்த வாரம் இதை ஒலிக்கவிட்டுத்தான் படப்பிடிப்பாம். பெரிய பாடகி முப்பதாம் தேதி வந்து பாடுகிறார்.

சிலை இன்று சிலையாகவே இருந்தார்.

மார்ச் 22, சனி

பாத்திரம் தேய்க்கும்போது ஈரத் துண்டு. பஸ்ஸில் ஈரத் துண்டு. ஒரு நோயாளியிடம் "அடுத்த வாரம் வாங்க" என்பதைக்கூட அந்த மெட்டில் சொல்லிவிட்டேன். அவரும் வாயில் பஞ்சோடு தலையை ஆட்டிக்கொண்டே போனார்.

மார்ச் 28, வெள்ளி

சிரிப்பதா பயப்படுவதா தெரியவில்லை.

சிலை அண்ணன் போன். "தங்கச்சி, என் வேலை போகப் போகுது." என்ன அண்ணே? "படப்பிடிப்புக்குத் தப்பான ஃபைல அனுப்பிட்டேன்." கம்ப்யூட்டரில் இரண்டு இருந்திருக்கின்றன. ஒன்றின் பெயர் 'கடைசி'. இன்னொன்றின் பெயர் 'கடைசி இதுதான்'. மனுஷன் முதல் 'கடைசி'யை அனுப்பிவிட்டார்!

நாலு நாள். நாற்பது பேர் நடனக் குழு. பெரிய செட். எல்லாம் என் ஈரத் துண்டுக்கு! கதாநாயகிக்கு நம் மொழி தெரியாது. பாவம் அந்தப் பொண்ணு, உட்கார்ந்து நெட்டுருப் போட்டு, கண்ணில் காதல் ததும்பக் "கட்டில் என்ன கொடிக்கம்பியா" என்று வாயசைத்திருக்கிறது. யாருக்கும் சந்தேகம் வரலையா? வரலையாம். டான்ஸ் மாஸ்டர், "இப்பதான் மனுஷன் பேசற மாதிரி எழுதியிருக்காங்க" என்றாராம். டைரக்டர் கவிஞருக்கே போன் போட்டுப் பாராட்டியிருக்கிறார். கவிஞர் என்ன செய்தாராம்? நன்றி சொன்னாராம்!

செட்டைப் பிரித்தாகிவிட்டது. மறுபடி எடுக்க வழியில்லை. ஆக, மயில் போயிற்று. துண்டு நிலைத்துவிட்டது.

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். பிறகுதான் உறைத்தது — வார்த்தைதானே நிலைத்தது? குரல் இல்லையே. முப்பதாம் தேதி அவர் வருகிறாரே.

மார்ச் 30, ஞாயிறு

சார் என்னையும் வரச் சொன்னார். எந்த வார்த்தை எங்கே விழுகிறது என்று பெரிய பாடகிக்குச் சொல்ல ஆள் வேண்டுமே.

அருமையான குரல். அதில் பொய் சொல்ல முடியாது. வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. ஆனால் திரையில் அந்தப் பெண்ணின் வாய் வேறு எங்கோ போகிறது. நான் திட்டும்போது எங்கே மூச்சு வாங்கினேன், எங்கே பல்லைக் கடித்தேன், எங்கே சிரித்துத் தொலைத்தேன் — அத்தனைக்கும் அவள் வாயசைத்திருக்கிறாள். மூன்று மணி நேரம். "இங்க கொஞ்சம் கோவமா, மேடம்." "இங்க ஒரு சிரிப்பு, மேடம்." கடைசியில் அவர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். "யார் வீட்டுச் சண்டைய நான் பாடிட்டிருக்கேன்?" என்று சாரைக் கேட்டார். சார் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன்.

போய்விட்டார். நான் மனதுக்குள் ஆடியிருக்கக் கூடாது. ஆடினேன்.

ஏப்ரல் 2, புதன்

இன்னும் இரண்டு பாடகிகளைப் பாட வைத்துப் பார்க்கிறாராம் சார். "உன் குரலுக்கு மார்க்கெட் இல்லையேம்மா" என்றார். கெட்டவர் இல்லை, உள்ளதைச் சொன்னார். சோறு இறங்கவில்லை. என் குரலையே போட்டால் என்ன? வாயைத் திறந்து கேட்டேனா? இல்லை. "சரி சார்" என்றேன். பதினோரு வருஷமாக என் வாயில் வருகிற ஒரே சொந்த வரி அதுதான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

இவர்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கினார். "பத்து வருஷமா என்னக் கேள்வி கேக்கறியே, அந்த ஆளக் கேளேன்" என்றார். நியாயம்தான். மாடியேறிப் போய், மூச்சு வாங்க நின்று, "சார், இது என் பாட்டு, என் குரல்லயே விடுங்க" என்றேன். சார், "பாக்கலாம்மா" என்றார். சிலை அண்ணன் வாசல் வரை வந்து, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

ஏப்ரல் 11, வெள்ளி

சார்: "ரெண்டு பேருக்கும் வாய் ஒட்டல. உன்னோடதே இருக்கட்டும்மா. வேற வழியில்ல."

வேற வழியில்ல! வேற வழியில்ல! இதைவிட இனிப்பான வார்த்தையை எந்தக் கவிஞராவது எழுதியிருக்கிறாரா? கிளினிக் வாசலில் நின்று கத்தியே விட்டேன். டாக்டர் ஊசியோடு ஓடி வந்தார்.

மே 9, வெள்ளி

வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு.

பதினொன்றுக்குப் பக்கத்து ஜூஸ் கடையில். மதியம் ஒரு கார் ஜன்னலிலிருந்து. சாயங்காலம் பஸ்ஸில் பின் சீட்டில் ஒரு அம்மா, மடியில் பையை வைத்துக்கொண்டு, இரண்டு கட்டை விரலை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். அந்தக் கட்டை விரல் நிற்கட்டும், பிறகு இறங்கலாம் என்று இருந்தேன். நிற்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் நடுக்கூடத்தில் அத்தையும் எதிர்வீட்டு டீச்சரும் ஆடுகிறார்கள்! அத்தைக்கு மூட்டு வலி, அதனால் சோபாவில் உட்கார்ந்தபடி இடுப்புக்கு மேலே மட்டும். டீச்சர் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கீழே. "எந்தப் பாட்டுன்னு கேட்டல்ல? இந்தப் பாட்டு! இந்தப் பாட்டு!" — அத்தை ஒவ்வொரு அடிக்கும் கத்துகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே ஆடினேன். மூக்கு ஒழுக ஆடினேன்.

இவருக்கு மட்டும் ஒரு குறை. பாடல் வரிகள் என்ற இடத்தில் கவிஞர் பெயர் இருக்கிறது. "துண்டு என்னுது. திட்டு வாங்கினது நானு. பேரு அவருக்கா?" என்று குதிக்கிறார். போகட்டும், துண்டைக் கவிஞரே எடுத்துக்கொள்ளட்டும். பாடியவர் என்ற இடத்தில் யார் பெயர் என்று இன்று இருபது தடவை பார்த்தாயிற்று. எழுத்துப்பிழை இல்லை.

மே 12, திங்கள்

இருபத்தோராவது தடவை.

ஜூன் 14, சனி

சார் போன். நாளைக்கு ரெக்கார்டிங். "டிராக் இல்லம்மா. பாட்டு. டிராக் ஏற்கெனவே ரெடியா இருக்கு, நீ வந்து அதுமேல பாடினாப் போதும்." இப்போது எனக்கு மார்க்கெட் இருக்கிறதாம்!

ஜூன் 15, ஞாயிறு

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு டிராக்கைப் போடச் சொன்னேன்.

சின்னப் பெண்ணின் குரல். இதற்கும் இன்னும் வரிகள் வரவில்லை, வாய்க்கு வந்ததைப் பாடியிருக்கிறாள். காலையில ஒண்ணு, ராத்திரி ரெண்டு, தண்ணி நெறைய குடிக்கணும், தலை சுத்தினா வண்டி ஓட்டாதே. கேட்கக் கேட்கச் சிரிப்பு. ஆனால் அந்த 'ஓட்டாதே'யில் ஒரு இழுப்பு இழுத்தாள் பாருங்கள், என் கால் கிளம்பிவிட்டது. கை கிளம்பிவிட்டது. ஹெட்ஃபோன் வயர் பிய்ந்துவிடும் போல ஆடினேன். பாட்டு முடிந்த பிறகும் நின்றுகொண்டே இருந்தேன்.

"யாருண்ணே இது?"

"மருந்துக்கடைப் பொண்ணும்மா. ஞாயித்துக்கிழமைல வந்து பாடும்" என்றார் சிலை அண்ணன்.

"பேரு?"

"டிராக் பாடற பொண்ணுக்குப் பேரு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

நான் பாடினால் நன்றாகத்தான் வரும், அது எனக்கும் தெரியும். அந்தக் குரலை அழித்துவிட்டு அதன்மேல் உட்கார முடியாது, அவ்வளவுதான். வெளியே வந்து சாரிடம், "இத நான் பாடல சார். அந்தப் பொண்ணு குரலையே வையுங்க" என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றினார். "பைத்தியமா உனக்கு? இப்பதான் ஒரு பாட்டு ஓடியிருக்கு. அதுக்குள்ள வேணாம்னு சொல்ற?" ஆமாம் சார், அதுக்குள்ள. "யோசிக்கிறேன்" என்றார், முகம் கொடுக்காமல். இனி என்னைக் கூப்பிடுவாரோ மாட்டாரோ. பயமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்வானேன்.

நம்பரை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து போன் போட்டேன். "அக்கா, கடையில கூட்டம், சீக்கிரம் சொல்லுங்க" என்றாள். நான் யார் என்று சொன்னேன். உன் டிராக்கை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், முடிவு சார் கையில், நீயும் நேரில் போய் ஒரு தடவை கேட்டுவிடு என்றேன். முதலில் உன் பேரைச் சொல்லு என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ ஒருவர், "ஏம்மா, இது சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? உன்னத்தாம்மா, முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.