பெயர் சொல்லப்போகும் வெள்ளிக்கிழமை

அன்பான புஷ்பம் அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்திலாவது நிம்மதி உண்டா? இங்கே எனக்கு மூச்சு முட்டுகிறது. உன் அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன், அதுவும் பயந்துகொண்டே.

போன வாரம் எங்கள் வேலியோரம் வாழைக்குழி வெட்டியபோது, சிவப்புத் துணியில் சுற்றிய முட்டை ஒன்று மண்வெட்டியில் தட்டுப்பட்டது. கூடவே ஒரு செம்புத் தகடு. அன்று சாயங்காலமே என் மகளுக்குக் காய்ச்சல். நெய்யாற்றின்கரை டாக்டர் வைரல் காய்ச்சல் என்கிறார். என் மாமியாரோ, "டாக்டருக்கு என்ன தெரியும்? இது கூடோத்திரமாக்கும், ஆரோ வச்ச செய்வினை" என்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம் உன் அம்மா வீடுதானே.

செங்கல் ஊர் முதல் காஞ்சிரங்குளம் வரை வீடு வீடாக அலைந்து செய்வினையைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள் நீ. "வச்சது ஆருன்னு தேடாதே லதா. ஆருக்க பேரச் சொல்லுதாங்கன்னு பாரு" என்பாய். ஆண்பிள்ளைகள் நிறைந்த வீட்டின்மேல் யாரும் பழி போடுவதில்லை, கேட்க நாதியற்றவள்மேல்தான் விழும் என்று கோபப்படுவாய். நானும் தலையாட்டிக் கேட்டேன். ஒரே மகள் நீ கண்ணை மூடியதும் உன் அம்மாவுக்கே அந்த கதி வரும் என்று உனக்குத் தோன்றியதுண்டா?

முந்தாநாள் அவர் வந்தார். "மக்கா, பிள்ளைக்கி காய்ச்சலுன்னு கேட்டேன். எலையப்பம் அவிச்சேன், சூடு ஆறும் முன்ன குடு" என்று பாத்திரத்தை நீட்டினார். மாமியார் வாங்கிக்கொண்டார். உன் அம்மா படி இறங்கியதும் முற்றத்துக் கோழிக்குப் பிய்த்துப் போட்டார். கைவிஷம் கலந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். கோழி தின்றுவிட்டு ஜம்மென்று மேய்ந்தது. "கோழி சாவாது. அது பிள்ளைக்க பேரு சொல்லிச் செய்ததாக்கும்" என்கிறார். உன் அம்மா வேலிக்கு அப்பால் நின்று எல்லாம் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பனச்சமூட்டிலிருந்து மந்திரவாதி வருகிறான். மை போட்டுப் பெயர் சொல்வானாம். அவனுக்கு மை எதற்கு? பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு சாயா குடித்தால் போதும், கடையிலேயே பெயர் காதில் விழுந்துவிடும். பால்காரர் இப்போதே உன் அம்மா வீட்டுப் படியேறுவதில்லை. கத்தாரிலிருந்து என் கணவர், "அம்மை சொல்லுதத கேளு, பிள்ளைக்கி ஒண்ணும் வரப்பிடாது" என்கிறார்.

உண்மையைச் சொன்னால் திட்டுவாய். எனக்கும் பயம்தான் அக்கா. உன்னோடு கூடத் திரிந்தவள்தான். ஆனாலும் மகளின் நெற்றி கொதிக்கும்போது என் கண் தானாக வேலிப்பக்கம் போகிறது. நீயே வந்து சொன்னாலும் இந்த மனசு அடங்காது போலிருக்கிறது.

இருந்தாலும் ஒரு வாக்குத் தருகிறேன். அவன் வாய் திறக்கும் முன்னே, மகளைத் தூக்கிக்கொண்டு உன் அம்மா வீட்டு முற்றத்தில் போய் உட்காருவேன். ஊர் பார்க்க அவர் கையால் வாங்கித் தின்பேன். பிள்ளைக்கும் அவரையே ஊட்டச் சொல்வேன். அதற்குப் பிறகு காய்ச்சல் கூடிவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். நான் என்ன சொல்வேன் என்பதுதான் தெரியவில்லை. அதனால்தான், புத்தி தெளிவாக இருக்கும்போதே எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்கிறேன்: உன் அம்மா ஒன்றும் செய்யவில்லை.

கூடப் பிறக்காத உன் தங்கச்சி,
லதா