தவளை என்று நான் சொன்ன சத்தம்

என் வீட்டுக்கார அம்மாவுக்கு,

மரக்கிடங்குக் காவல்காரன், அதாவது உன் புருஷன், எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். அங்கே நீ என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சுகமாக இருக்கிறாய் என்று உன் கடிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மகள், மாப்பிள்ளை, பேரன் எல்லாரையும் கேட்டதாகச் சொல். மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் பைனாகுலர்காரரைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய். மாப்பிள்ளை "சொல்லுங்க மாமா" என்பார். பொறாமையை ஸ்பீக்கரில் பேச முடியுமா? அதனால்தான் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் பைனாகுலர் வைத்துப் படித்துக்கொள்.

உன் இரண்டு பக்கக் கடிதத்தில் அந்த மனுஷன் பதினோரு தடவை வருகிறார். நான் ஒரே தடவை, அதுவும் "மாத்திரையை மறக்காமச் சாப்பிடுங்க" என்ற இடத்தில். தினமும் காலையில் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து நீ பூங்காவுக்குப் போகிறாயாம், அவரும் பைனாகுலரோடு கூட வருகிறாராம், மரத்துக்கு மரம் நின்று பறவைக்குப் பேர் சொல்கிறாராம். சம்சாரம் இறந்து நாலு வருஷமாகத் தனியாக இருக்கிறாராம், பாவமாம். நான் ஏழு மாசமாகத் தனியாக இருக்கிறேன். என்னைப் பாவம் என்று சொல்ல இங்கே ஒரு நாதி இல்லை.

அதையும் பொறுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில்தான் முள்ளை வைத்திருந்தாய். "நம்ம வீட்டுக்குப் பின்னாடி காட்டுல ம்ம்ம் ம்ம்ம்னு கேக்குமே, தவளைன்னு சொன்னீங்களே, அது காடை மாதிரி ஒரு பறவையாம். நான் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினதும் சார் கண்டுபிடிச்சிட்டார்." அதற்குக் கீழேயே, "இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போம்மான்னு மக கேக்கிறா. நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் கடைசியில். முதலில் தவளை.

கல்யாணமான முதல் மழைக்காலம். இந்தக் குவார்ட்டர்ஸ் அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டு "அது என்னங்க சத்தம்?" என்று கேட்டாய். காட்டில் வேலை பார்க்கிறவன் தெரியாது என்று சொன்னால் புதுப் பொண்டாட்டி முன்னால் மரியாதை என்ன ஆகும்? தவளை என்றேன். நீயும் நம்பினாய். நம் மகள் அதற்குத் "தவளைத் தாத்தா" என்று பேரே வைத்தாள். முப்பத்தொரு வருஷம் ஒரு பொய்யைப் பொத்திப் பொத்தி வளர்த்தேன். ஊர் பேர் தெரியாத ஒருத்தர் ஒரே காலையில் அதன் கழுத்தைத் திருகிவிட்டார். அதிலும் அவருக்கு நீ ம்ம்ம் என்று சத்தம் போட்டுக் காட்டியிருக்கிறாய். எனக்கு என்றைக்காவது போட்டிருப்பாயா?

அவர் பறவையின் பேரைத்தானே சொன்னார், நான் ஆளையே பார்க்கிறேன் என்று கிளம்பினேன். மூன்று நாள் கிடங்கு வேலிக்கு அந்தப்பக்கம் மரத்தடியில் சுற்றினேன். சருகில் அங்கங்கே தட்டு வைத்து எடுத்த மாதிரி வட்ட வட்டமாகப் பள்ளம். அந்தப் பறவை இரை தேடும் விதம் அது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு காலில் நின்று சுற்றிச் சுற்றி வந்து சருகைக் கிளறும். வட்டத்தைப் பிடித்துக்கொண்டே போனால், நம் மூன்றாவது மர அடுக்குக்குப் பின்னால், புல் புதருக்கு அடியில் கூடு. காய்ந்த இலை நிறத்தில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கண்ணைச் சிமிட்டியிருக்காவிட்டால் மிதித்திருப்பேன். பார்த்தால் காடை மாதிரிதான். ஆனால் காலில் மூன்றே விரல், பின்விரல் கிடையாது.

மறுநாள் லாரியில் ஏற்ற ஆட்கள் வந்தார்கள். மூன்றாவது அடுக்கில் பாம்பு இருக்கிறது என்றேன். ஐந்தாவது அடுக்கிலிருந்து ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். பொய் சொல்லும் வித்தை எனக்கு இன்னும் கைவிட்டுப் போகவில்லை.

இன்னொன்றும் அங்கே திரியும். கொஞ்சம் பெரியது, தோளில் செம்பட்டை, நல்ல பளபளப்பு. நெஞ்சை உப்பிக்கொண்டு ம்ம்ம் என்னும், தூரத்தில் மோட்டார் சைக்கிள் போகிற மாதிரி. சரி, அடைகாக்கிறவள் பொண்டாட்டி, அலங்காரம் பண்ணிக்கொண்டு சுற்றுகிறவன் புருஷன் என்று முடிவு கட்டினேன். ஒருநாள் அந்த மினுக்கன் ஓடைக்கு அந்தப்பக்கம் வேறொன்றோடு குலாவிக்கொண்டிருந்தான். "டேய் பைனாகுலரு!" என்று கத்தி ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினேன். நல்லவேளை, படவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பறவைக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்திருந்தாள். சிரித்துச் சிரித்து மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயா, நீங்க எறிஞ்சது பொண்டாட்டி மேல! அங்க அடைகாக்கிறவர்தான் புருஷன்" என்றாள். இந்த இனத்தில் பெண்தான் பெரிசாம், அழகாம். முட்டையை இட்டு இவனிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்தவனைத் தேடிப் போய்விடுமாம். குஞ்சு வளர்க்கிற பாடெல்லாம் ஆணுக்காம். அப்படியானால் அந்த ம்ம்ம் யார் என்றேன். "அதுவும் அவதான். அவ கூப்பிடுவா, அவன் போவான்" என்றாள்.

அன்றைக்கு டீயை எடுத்துக்கொண்டு கூட்டுக்கே போனேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னடா, உன்னையும் விட்டுட்டுப் போயிட்டாளா? மாத்திரை சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவன் அசையவில்லை. மழை பெய்தது, அப்போதும் அசையவில்லை. நான் ரோந்து ரோந்து என்று காட்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோது இந்த வீட்டில் நீ இப்படி எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாய் என்று எண்ண ஆரம்பித்தேன். பாதியில் விட்டுவிட்டேன். எனக்குத்தான் கணக்கு வராதே.

போன வியாழக்கிழமை குஞ்சு பொரித்தது. நாலு. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவு. ஈரம் காய்ந்ததும் ஓட ஆரம்பித்துவிட்டன. அவன் பூச்சியைப் பிடித்து அலகு நுனியில் நீட்டுகிறான், அதுகள் வந்து கொத்திக்கொண்டு போகின்றன. மறுநாள் காலையில் நாலையும் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டினான். இத்தனை நாள் கட்டிக்காத்த கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது உன் கேள்விக்குப் பதில். இருந்துவிட்டு வா. பேரன் நடக்கிற வரைக்கும் மகளுக்கு நீ வேண்டும். நீ கிளம்பின அன்றைக்கு, "கிடங்கை விட்டு நான் எங்கேயும் வரமாட்டேன்" என்று ஜம்பமாகச் சொன்னேன். கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆபீஸில் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நீ ஒரு தடவைகூட என்னை வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்கு எப்படி வருவது?

அந்தப் பைனாகுலர்காரரிடம் ஒன்று மட்டும் கேள். அந்தச் சத்தம் போடுவது ஆணா பெண்ணா என்று. ஆண் என்று சொன்னால் திருத்தாதே. அவரை நேரில் திருத்துகிற சந்தோஷத்தை எனக்கு விட்டுவை.

பேரனுக்கு என் முத்தம். மகளும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். நீ பூங்காவில் பார்த்து நட, சருகு வழுக்கும். அடுத்த தடவை போனை ஸ்பீக்கரிலேயே போடு, பரவாயில்லை. எல்லாரும் கேட்கட்டும். ம்ம்ம் என்று ஒரே ஒரு தடவை சத்தம் போடு. இந்தத் தடவை தவளை என்று சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்
உன் வீட்டுக்காரன்