பேசாவிட்டால் அறுந்துவிடும் லைன்

வெள்ளவத்தை
10.02.2008

கனடாவைக் கட்டியாளும் மருமகன் சிவமணிக்கு, கொமினிகேஷன் கடைச் சக்கரவர்த்தி வரதராசா மாமா எழுதும் இ-மெயில்.

நலம். காலி வீதிச் சோதனைச் சாவடியும் நலம். நேற்று மட்டும் என் அடையாள அட்டையை ஏழு கோடி தரம் பார்த்தார்கள்.

உன் அம்மாவால் எனக்குத் தலை சுற்றுகிறது. கணினியில் இலவசமாகக் கதைக்கலாமென்று நீ எழுதி அனுப்பிய புரோகிராம் அக்கா பேசும்வரை ஒழுங்காக ஓடும். உன் அப்பா செத்த கதை வந்ததும் அவ பேசாமல் இருப்பா. நீயும் பேசமாட்டாய். சற்று நேரத்தில் லைன் அறுந்துவிடும். நீதான் வெட்டுகிறாய் என்று அவ நினைக்கிறா. இன்று அறாமல் காக்க, நான் பக்கத்தில் நின்று கிருலப்பனைவரை கேட்க இருமினேன். வாடிக்கையாளர்கள்தான் ஓடினார்கள்.

உன்னிடம் வருவதற்காகவே யாழ்ப்பாணத்தை விட்டு வந்து லொட்ஜில் கிடக்கிறா. இப்போது விசாவும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாமென்று, தரைப்பாதை மூடிய யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகக் கப்பலுக்குப் பதிந்துவிட்டா. மாதக் கடைசியில் கப்பல். வெட்டுவது நீயா, மெஷினா?

குழம்பிப்போன,
வரதராசா மாமா


டொரொன்டோ
12.02.2008

அன்புள்ள மாமா,

சத்தியமாக நான் வெட்டவில்லை. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிப் பொதுவில் விட்டிருக்கும் ஒரு புரோகிராம் லைப்ரரி இருக்கிறது. என் புரோகிராமுக்குள் கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் வேலையை அதுதான் செய்கிறது. பிழை அதில். இரண்டு பக்கமும் சத்தமில்லாவிட்டால், மற்றப் பக்கம் செத்துவிட்டதென்று நினைத்து இணைப்பை மூடிவிடுகிறது. திருத்திய பதிப்பு 2.4.1 இன்று வெளியாகியது. இனிப் பேசாவிட்டாலும் "இருக்கிறேன்" என்று இடைக்கிடை ஒரு சிறு சைகை போகும். அதைக் கடைக் கணினியில் ஏற்றுங்கள். ஏற்றும்வரை பழையபடிதான் அறும்.

அம்மாவிடம் ஒரு விஷயம் சொல்ல இருக்கிறது. எப்படித் தொடங்குவதென்று யோசிக்கும்போதே லைன் போய்விடுகிறது. கப்பலை எப்படியாவது தடுங்கள்.

அன்புடன்,
சிவமணி


வெள்ளவத்தை
15.02.2008

மருமகனே,

உன் 2.4.1 என்னைத் தோற்கடித்தது. ஒரு பிழையைத் திருத்தப் போய் மூவாயிரம் பிழை திரையில் வந்தது. "செத்துவிட்டது" என்று உன் மெஷின் யாரைச் சொன்னது என்பதே எனக்கு இன்னும் விளங்கவில்லை. கைவிட்டேன். ஞாயிறு பழையதிலேயே அக்காவைக் கொண்டு கூப்பிடுவேன்.

வரதராசா மாமா


வெள்ளவத்தை
18.02.2008

சிவமணி,

போன கடிதம் பொய். பக்கத்துக் கடை மர்ஸூக்கின் மனைவி ஹபீலா கணினி படித்தவர். தேத்தண்ணி ஆறுவதற்குள் புதுப் பதிப்பை ஏற்றித் தந்துவிட்டார். நீ திடுக்கிட வேண்டுமென்று மறைத்தேன். திடுக்கிட்டது நான்.

நேற்று அக்கா வழக்கம்போல மௌனமானா. நீயும் மௌனம். லைன் கல்லுப்போல நின்றது. நீயோ அறுந்துவிட்டதென்று நினைத்து ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாய்; அது மேசையில் தட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு கேட்டது ஒரு பெண்குரல், சிங்களத்தில்.

"சிவமணி அய்யே, கேம கன்ன என்ன. அம்மாட்ட கிவ்வத?"

"தவம நே," என்றாய் நீ.

அக்காவுக்குச் சிங்களம் தெரியாது. என்னைப் பார்த்தா. அது ரேடியோ என்றேன்.

"ரேடியோவுக்கு என்ர பிள்ளையின்ர பேர் ஆர் சொன்னது, தம்பி?"

வாழ்நாளில் முதல்முறையாக எனக்குப் பொய் வரவில்லை. சாப்பிட வரச் சொல்லுகிறாள், அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்கிறாள், நீ இன்னும் இல்லை என்றாய் என்று மொழிபெயர்த்தேன். வெளியே ஆமிக்காரர் நிற்கும் தெருவில் இருந்துகொண்டு, அவர்களின் பாஷை பேசும் ஒருத்தி உன் வீட்டில் இருக்கிறாள் என்று சொன்னேன். அக்கா அழவில்லை, ஏசவில்லை. அங்கே கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. வெட்டவா என்று கேட்டேன்.

"விடு. பிள்ளை சாப்பிடட்டும்."

சாப்பிட்டு முடியும்வரை காதைக் கொடுத்தபடி இருந்தா.

இன்று காலை கப்பல் பதிவை ரத்துச் செய்யச் சொன்னா. கோபமா, சம்மதமா என்று எனக்கு விளங்கவில்லை. வருகிற ஞாயிறு அந்தப் பிள்ளையையும் உன் பக்கத்தில் இருத்தட்டாம். என்ன பாஷையில் என்ன கதைக்கப் போகிறாய் என்று அக்காவிடம் கேட்டேன்.

"கதைக்கோணுமெண்டு ஆர் சொன்னது? இப்ப கதைக்காட்டியும் லைன் நிக்குமெல்லே."

மாமா