கழற்றிய இயர்பிளக்

சனிக்கிழமை, இரவு

காதுக்குள் விசில் சத்தம் இன்னும் நிற்கவில்லை. இன்று கூடுவாஞ்சேரி கல்யாண மண்டபத்தில் சத்தத்தைக் குறைக்கும் புது இயர்பிளக்கைக் காதில் போட்டுக்கொண்டு டிரம்ஸ் வாசித்தேன். முன்பு வாங்கிய பஞ்சு பிளக்கில் பாடகியின் குரலே கேட்காது, தாளம் தவறிவிடும். காது டாக்டர் சொல்லி வாங்கிய இந்த ரப்பர் பிளக்கில் எல்லாம் தெளிவாகவே கேட்டது, சத்தம் மட்டும் குறைந்திருந்தது. இரண்டு பாட்டு நிம்மதியாக வாசித்தேன்.

மூன்றாவது பாட்டுக்கு முன்னால், எங்கள் இசைக்குழுவை நடத்தும் டேவிட் அண்ணன் பார்த்துவிட்டார்.

"இன்னாடா அது காதுல? டிரம்மருக்குக் காது போச்சுன்னு தெரிஞ்சா எவன் நம்மள கூப்புடுவான்? கழட்டு!"

கழற்றினேன். ஸ்பீக்கர் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. மீதிக் கச்சேரியைப் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தேன்.

வேனில் சாமான் ஏற்றும்போது அவர் தனியாக வந்தார்.

"அத்த எங்கடா வாங்குன? எனக்கும் ஒரு வருசமா கொய்ங்னு கேட்டுகினே கீது. யாராண்டயும் சொல்லாத."

கடையைச் சொன்னேன். நாளைக்கு இரும்புலியூரில் ஒரு கல்யாண வரவேற்பில் எங்கள் கச்சேரி.

"அப்போ நாளைக்குப் போட்டுக்கவா அண்ணா?"

"வேணாம்டா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.