ரெண்டு கரும்புத் தொட்டில்

12-9-72 செவ்வாய்
காலையில தூறல். மதுரை பஸ் முக்கால் மணி லேட். அக்கா மக பஞ்சவர்ணத்தோட டாக்டரம்மாகிட்ட. மாப்பிள்ளைக்கு உழவு, வரலை.

ஆஸ்பத்திரியில இருநூறு பேர் கூட்டம். என்னைப் பார்த்ததும் டாக்டரம்மா எந்திரிச்சே நின்னுட்டாக. (கை கழுவத்தான் எந்திரிச்சாகன்னு பஞ்சு சொல்லுது.)

பஞ்சுவை எடை பார்க்க அனுப்பிட்டு என்கிட்ட மட்டும் பேச்சு. கரு தங்கத் தினம் ஒரு மாத்திரை, மாசம் அஞ்சு நாள். மூணு மாசம் ஆச்சு, பலிக்கலை. "ரெண்டாக் கூட்டலாம், சீக்கிரம் தங்கும். ஆனா ரெண்டு கரு, மூணு கருகூட நின்னுரும். போன தடவை ஒத்தைக் கருவே ஆறாம் மாசம் கலைஞ்சு, இந்தப் பொண்ணு பொழச்சதே பெரிசு. இன்னும் கொஞ்ச மாசம் ஒண்ணாவே பார்க்கிறது நல்லது. வீட்ல பேசி முடிவு பண்ணுங்க."

எஸ் மேடம்னேன். முழுக்க இங்கிலீஷ்தான்.

வாங்கினது: மாத்திரை பத்து, டானிக், மல்லிகை ரெண்டு முழம், எனக்கு மூக்குப்பொடி மட்டை.

பஞ்சுவை அது வீட்ல கொண்டுபோய் விட கல்லல் போனா, சம்பந்தியம்மா வாசல்லயே: "என்னண்ணே, இந்தத் தடவையும் கையை விரிச்சாகளா? தைக்குள்ள ஒண்ணுமில்லைன்னா எம் மவனுக்கு வேற பொண்ணு பாக்கப் போறேன்."

பஞ்சு தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போச்சு. எனக்கு வாய் சும்மா இருக்குமா. "ஒண்ணென்ன, மாத்திரையை ரெண்டாக்கினா ரெண்டா வருது. டாக்டரம்மா என் கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிருக்காக"ன்னேன்.

மத்ததைச் சொல்லலை.

15-9 வெள்ளி
வெக்கை. கடைவாய்ப் பல்லு வலி.

மாப்பிள்ளை சைக்கிள்ல வந்தார். அவுக ஆத்தா குலசாமி கோயில்ல, பங்காளிக அத்தனை பேர் முன்னால, பிள்ளையோட கோயிலைச் சுத்தி ரெண்டு கரும்புத் தொட்டில் எடுக்கிறதா நேர்ந்துக்கிட்டாகளாம். பிள்ளைக்கு ஒண்ணா ரெண்டு.

"சாமிகிட்டச் சொன்னதைக் குறைக்க முடியாதுங்குது ஆத்தா. ரெண்டு மாத்திரையே போடச் சொல்லிருச்சு மாமா."

சந்தோசமா இருந்தார். சீடை குடுத்து அனுப்பினேன். அவர்கிட்டயும் சொல்லலை.

18-9 திங்கள்
மேகம் கூடிக் கூடிக் கலையுது. எட்டாப்பு படிச்சவன், கலெக்டரையே மடக்கிப் பேசினவன். ஒரு வரி சொல்ல வரலை.

மாத்திரை ஆரம்பிச்சிருக்குமோ.

20-9 புதன்
கல்லல் போனேன். பஞ்சு கிணத்தடியில. டாக்டரம்மா சொன்னது அம்புட்டையும் கொட்டிட்டேன். அது துணி அலசுறதை நிறுத்தலை.

"தெரியும் மாமா. நீங்க மாத்திரை வாங்கப் போனப்ப என்கிட்டயும் சொன்னாக."

"அப்ப ஒண்ணே போதும்னு சொல்லுத்தா."

"முந்தாநாள்லருந்து ரெண்டு போடுறேன். நீங்க ரெண்டுன்னு சொன்ன அன்னைக்குத்தான், கல்யாணமாகி எட்டு வருசத்துல, அத்தை எனக்குத் தலை வாரிவிட்டாக." துணியைப் பிழிஞ்சுக்கிட்டே, "நல்லாப் பின்னுறாக மாமா."

இன்னும் ரெண்டு நாள் மாத்திரைதானே மிச்சம், விட்ரலாம்னேன்.

"இருக்கட்டும். நீங்க அங்குட்டுப் போயி அத்தைகிட்ட எதையும் சொல்லிறாதீக."

திரும்புறப்ப பஸ்ல பக்கத்து ஆள், பேரப்பிள்ளைக எத்தனைன்னார். தூங்குற மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்.